முழங்கால் இணைப்பு

கம்ப்யூட்டரில் வரைந்தபடியே உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம் எங்கள் இரத்தினபுரிப் பட்டறைக்கு வந்த புதிது. எனக்கு அதில் பைத்தியம், ஞாயிறும் வேலைதான். அப்படியொரு ஞாயிறுதான் அவர் வந்தார். நிவித்திகலப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர். தரையெல்லாம் உலோகச் சீவல் கிடந்தாலும் கோயிலுக்கு வருவதுபோல் செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். ஏசினாலும் கேட்கமாட்டார்.

மகளின் செயற்கைக் காலில் முழங்கால் இணைப்பு உடைந்திருந்தது. கடையில் கிடைக்காத சாமான். ஒரே வாரத்தில் செய்துவிட்டேன். ஆனால் கொடுக்கவில்லை. எடையைக் குறைக்கலாம், இன்னும் வழவழப்பாக்கலாம் என்று இரண்டு ஞாயிறு அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன்.

"நடந்தா போதும் தம்பி. பாப்பா வெளிய வர ஏலாம லயத்துக் காம்பராவுலயே கெடக்கு."

"ஒரு கிழமை பொறுங்கண்ணே. வாற ஞாயிறு ஜம்முனு செஞ்சு தாறேன்."

அடுத்து அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

"செஞ்ச மட்டுல குடுங்க தம்பி. பாப்பா காய்ச்சல்ல போயிருச்சு. பின்னேரம் எடுக்குறோம். ஒத்தக் காலோட அனுப்ப மனசு வரல."

முதலில் செய்ததையே கொடுத்தேன். எப்படிப் பூட்டுவது என்று கேட்டார், காட்டினேன். மடக்கி, நீட்டிப் பார்த்தார்.

"நல்லா மடங்குது தம்பி" என்றார்.

அந்தப் பாராட்டை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.