வெர்டெல் சொன்ன இரண்டு பதில்கள்

வெர்டெல் காட்ஸ்டன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். காய்ச்சலோடும் ஓட்டுவாள், புயல் எச்சரிக்கை வந்தாலும் பள்ளியை மூடும்வரை ஓட்டுவாள். காருக்கு எண்ணெய் மாற்றிவிட்டு வருகிறேன் என்று ஒரு சனிக்கிழமை போன அவள் புருஷன் அப்படியே போய்விட்டான். அன்றிலிருந்து பாதியில் விட்டுப் போகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பிரசங்கம் முடியும் முன் சர்ச்சிலிருந்து நழுவுகிறவர்களை வாசல் வரை முறைத்து அனுப்புவாள். சபையில் பாஸ்டருக்கு உதவியாக இருக்கும் டீக்கனான என்னையே ஒருமுறை முறைத்தாள். எனக்கோ மூத்திர அவசரம்.

தென் கரோலினாவில் எங்கள் ஊருக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது ஆஷ்வெல் ஸ்டேட் கல்லூரிதான். வெள்ளைக்காரக் கல்லூரிகள் கறுப்பர்களான எங்களைச் சேர்க்காத காலத்தில் எங்களுக்கென்று எழுந்தது. அதன் ஃபுட்பால் ஆட்டம், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால், நடக்கும் சனிக்கிழமைகளில் வெர்டெலும் நானும் மைதானத்துக்கு வெளியே பக்கத்துப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டுவோம். அவள் பன்றி விலாவைப் புகையில் வேகவைப்பாள், நான் சிவப்புச் சோறு. அந்தப் பக்கம் போகிற எவனும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது.

அவள் மகன் கீலன் அந்த அணியில்தான் ஆடினான். பந்தை எறியும் ட்ரேயின் இடப்பக்கத்தைக் காப்பது அவன் வேலை. எறிகிறவன் வலப்பக்கம் பார்த்து நிற்பான், இடப்பக்கமிருந்து வரும் அடி அவன் கண்ணில் படாது. அந்த அடி வராமல் குறுக்கே நிற்க ஒரு மலை வேண்டும். கீலன் மலைதான். ஊரே பந்தைப் பார்க்கும்போது வெர்டெல் மட்டும் கீலனின் முதுகிலிருந்த எழுபத்து நான்காம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை புள்ளி என்று என்னைத்தான் கேட்பாள்.

அந்த வருஷம் எங்கள் பிரிவில் நாங்கள் சாம்பியன். மிசிசிப்பிப் பக்கத்துப் பிரிவில் வேறொரு கறுப்பர் கல்லூரி. இரண்டு சாம்பியன்களும் டிசம்பரில் அட்லாண்டாவில் மோத வேண்டும். பௌல் என்று நாங்கள் சொல்லும் அந்த இறுதி ஆட்டத்துக்கு அடுத்தபடியாக வரும் சின்னப் பண்டிகைதான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ்.

அட்லாண்டாவுக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கீலன் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தான். நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, என் ஏஜென்ட் இந்த பௌல்ல ஆட வேணாங்குறாரு. ஏப்ரல்ல தொழில்முறை அணிங்க ஆள் எடுக்கும்போது என் பேரு நிச்சயமாம். இப்ப அடி பட்டா எல்லாம் போச்சுன்னு சொல்றாரு."

"ட்ரே ஆடுறானா?"

"அவனுக்கு காலேஜ்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கும்மா. அவன் ஆடுவான்."

"நீ இல்லாட்டி அவன் முதுகை யாரு பாக்குறது?"

"ரெண்டாம் வருஷப் பையன் ஒருத்தன் இருக்கான்."

"அந்த ஒல்லிக்குச்சியா? அவனை என் மூச்சுக் காத்தே தள்ளிடும்."

"வெர்டெல், கொஞ்சம் யோசிச்சு சொல்லு. பையனோட வாழ்க்கை" என்றேன் நான்.

"டீக்கன், சோறு ஆறுது. சாப்பிடுங்க." பிறகு மகனிடம் திரும்பினாள். "பாதியில விட்டுட்டுப் போறது உங்கப்பன் வேலை. என் வயித்துல பொறந்தவன் கடைசி விசில் வரைக்கும் நிப்பான்."

கீலன் தட்டை ஓரமாகத் தள்ளினான். "நீ சொன்னா ஆடுறேன்மா. நீ சொல்றதைத்தான் நான் செய்யப்போறேன்."

"சொல்லிட்டேன்ல."

அவ்வளவுதான். ஊரே அவளைத் தட்டிக் கொடுத்தது. பாஸ்டர் மேடையிலிருந்து அவள் பேரைச் சொல்லி ஆமென் வாங்கினார்.

அட்லாண்டாவில் மகனின் எண் போட்ட சட்டையோடு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆட்டங்களில் இடைவேளைக்கு ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள், இரண்டு கல்லூரிகளின் பேண்டு வாத்தியக் குழுக்களும் போட்டி போட்டு வாசிப்பதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டமே வரும். வெர்டெல் இருக்கை மேல் ஏறி நின்று ஆடினாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் அத்தனை சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் ட்ரே நீளமாக ஒரு பந்து எறிந்தான். எங்கள் பையன் அதை எல்லைக்குள் பிடித்தான். அரங்கமே எழுந்து கத்தியது. முன்வரிசைப் பெண்கள் திரும்பி வெர்டெலைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அவள் மட்டும் குதிக்கவில்லை. அவர்கள் தோளுக்கு மேலாக எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி" என்றாள். "எந்திரி பேபி, எந்திரி."

யாரோ ஒருவன் பின்னாலிருந்து உருண்டு வந்து கீலனின் ஊன்றிய வலது காலில் விழுந்திருந்தான். முழங்கால் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியிருந்தது. கூட்டத்துக்கு அது தெரியவந்தபோது சத்தம் அப்படியே அடங்கியது. எதிர் அணிப் பையன்களும் மண்டியிட்டார்கள்.

நாங்கள் ஜெயித்தோம். எங்கள் பையன்கள் தலையில் வண்ணக் காகிதம் கொட்டியபோது நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். முழங்கால் மட்டுமில்லை, நரம்பும் போய்விட்டது என்றார் டாக்டர். பாதத்தை மேலே தூக்க முடியாது. நடக்கலாம், ஆட முடியாது. வெர்டெல் அந்தச் சட்டையோடு நின்று, "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரலில் அணிகள் ஆள் எடுப்பதைக் கீலன் டிவியை அணைக்காமல் கடைசிப் பேர் வரை பார்த்தான். அவன் பேர் வரவில்லை. ஏஜென்ட் கூப்பிடவே இல்லை. பையன் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அதற்காகவே காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். சாப்பாட்டில் உப்பில்லை என்று அவன் சொன்னால்கூட அவள் கை நின்றுவிடும், இப்போது வரப்போகிறது என்று. வராது. திட்டியிருந்தால் அவளுக்குப் பாரம் இறங்கியிருக்கும்.

அடுத்த நவம்பரில் மறுபடியும் நாங்கள்தான் சாம்பியன். ஊரில் நடக்கும் கடைசி ஆட்டத்தன்று அடுப்பு மூட்டியிருந்தோம். தொங்கும் பாதத்தைத் தாங்க ஷூவுக்குள் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு கீலன் ஸ்டூலில் உட்கார்ந்து விலாவைத் திருப்பிக்கொண்டிருந்தான். ட்ரேயின் அம்மா ரமோனா பாய்கின் வேகமாக வந்தாள். அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவனை அவள் பார்க்கவில்லை.

"மிஸ் வெர்டெல், ட்ரேயை இப்ப பெரிய அணிங்க பாக்குறாங்களாம். பௌல்ல ஆட வேணாம்னு சொல்றாங்க. ஆடட்டுமா, உக்காரட்டுமா? உங்க பேச்சுன்னா அவன் கேப்பான்."

"உக்காரச் சொல்லு ரமோனா. ஊரு என்ன வேணா பேசட்டும். புள்ளைய உக்கார வை."

யோசிக்கக்கூட இல்லை. கேள்வி முடியும் முன்னே பதில் வந்துவிட்டது. ரமோனா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

கீலன் இடுக்கியைத் தட்டின்மேல் வைத்தான்.

"அம்மா."

"என்ன பேபி?"

"ட்ரே முதுகை நான் பாத்தேன். இப்ப நீயும் பாக்குற." குரலில் கோபமே இல்லை. "என்னோடதை யாரும்மா பாத்தா?"

எழுந்து கார்கள் நடுவே போனான். அந்தப் பாதம் தாரில் பட் பட்டென்று அடிக்கும் சத்தம் பேண்டு வாத்தியத்துக்கு மேலும் கேட்டது. ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. பாதியில் போகிறவர்களை வாசல் வரை முறைக்கும் வெர்டெல் தலையே தூக்கவில்லை.