பச்சைப் புள்ளி

ஆபீசில் அவளுக்குப் பென்சில் அக்கா என்று பெயர். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி. வருகிற விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்து, பணம் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெழுதுவது வேலை. அவள் கண்ணில் மண்ணைத் தூவ எந்த ஆஸ்பத்திரியாலும் முடியாது. அதே மாதிரி, நியாயமாகக் கேட்டு வந்த ஒருவரையும் அவள் வெறுங்கையோடு திருப்பியனுப்பியது கிடையாது. பென்சிலும் கையுமாக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பாள், அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்புறம் கம்பெனிக்கு ஞானம் பிறந்தது. கட்டடம் தண்டம், காகிதம் தண்டம், இனி எல்லாம் திரையில் வரும், வீட்டிலிருந்தே பாருங்கள், தாளில் மட்டும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் டீ போட்டுக் கொடுத்த டீக்காரம்மாவுக்குக் கணக்கு முடித்து, போகிற போக்கில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் கம்பெனியின் பாலிசி ஒன்றைக் கையில் கொடுத்து, கைதட்டிப் போட்டோ எடுத்து அனுப்பி வைத்தார்கள். பென்சில் அக்காவுக்கு ஒரு லேப்டாப் வந்தது.

படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மேசை. கட்டிலில் புருஷன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட மனிதர். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர் தங்கும். அந்தச் செலவு முழுக்க இவள் வேலையோடு வருகிற காப்பீட்டில்தான் ஓடுகிறது. வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் இவர் போவார். வீட்டில் இதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது?

திரையில் படிப்பது அவளுக்குக் கைவரவில்லை. எழுத்து ஓடியதே தவிர மனசில் நிற்கவில்லை. ஆகவே பழைய பிரிண்டர் ஒன்றை வாங்கி, கள்ளத்தனமாகத் தாளில் எடுத்து, மடியில் வைத்துக் கோடு போட்டுப் படித்தாள். வேலை சுத்தமாக நடந்தது. ஆனால் திரையின் மூலையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி உண்டு. மவுஸ் அசைந்தால் பச்சை, அசையாவிட்டால் மஞ்சள். அவள் மாங்கு மாங்கென்று படித்த நேரமெல்லாம் அந்தச் சனியன் மஞ்சளாகவே எரிந்தது.

டீம் லீடர் போன் செய்தான். அவனுக்கு அவள் மகன் வயசுதான் இருக்கும்.

"அக்கா, பாதி நாள் நீங்க சீட்லயே இல்லைன்னு ரிப்போர்ட் வருது."

"படிச்சிட்டிருக்கேன் தம்பி."

"எதை? ஸ்கிரீன்ல ஒண்ணும் அசையலையே. பேப்பர் எடுக்கிறீங்களா? தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

இப்பவும் வீட்டில்தானே இருக்கிறேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"மாசக் கடைசியில ஆளைக் குறைக்கிறாங்க. புள்ளி பச்சையா இருக்கணும். கொடுத்த முடிவை மாத்தினா அது உங்க பேர்ல தப்பா ஏறும், அதுவும் இருக்கக் கூடாது. இந்த ரெண்டையும்தான் பார்ப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குச் சொல்கிறவர்களுக்கு இந்த உலகத்தில் என்றைக்குப் பஞ்சம்?

அன்றோடு பிரிண்டர் கட்டிலுக்கு அடியில் போயிற்று. பக்கங்களைக் கடகடவென்று உருட்டுவாள். சட்டென்று எதுவும் கண்ணில் படாவிட்டால் ‘போதிய ஆவணம் இல்லை’ என்று ஒரு தட்டு, அடுத்தது. முடியாது என்று சொன்னதற்காக எந்தக் காப்பீட்டுக் கம்பெனி ஆளை வேலையைவிட்டு எடுத்திருக்கிறது? புள்ளி பச்சைப் பசேலென்று எரிந்தது. பென்சில் அக்காவைப் பார்த்துக் கத்துக்குங்க என்று டீம் லீடர் மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் சொன்னான். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் இனித்தது என்பதையும் மறைப்பானேன்.

ஒரு மத்தியானம் டீக்காரம்மா வீடு தேடி வந்தாள். புருஷனுக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யணும், கம்பெனி முடியாது என்று போனுக்குச் செய்தி அனுப்பிவிட்டது.

"நீங்க ஒரு தரம் பார்த்தா போதும் அக்கா. உங்க கண்ணுல பட்டிருந்தா இப்படி ஆயிருக்காது."

பென்சில் அக்கா லேப்டாப்பில் விண்ணப்ப நம்பரைத் தட்டித் திறந்தாள். டாக்டரின் கடிதம் இருந்தது, முத்திரை கையெழுத்தோடு. ஸ்கேன் செய்தவன் அந்த ஒரு பக்கத்தைத் தலைகீழாக வைத்துவிட்டிருந்தான். தாளாக இருந்தால் கையே தானாகத் திருப்பியிருக்கும். திரையில் அவள் உருட்டித் தள்ளிவிட்டாள். கீழே, முடிவெடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது.

‘மறுபரிசீலனை’ பட்டன் பக்கத்திலேயே இருந்தது. அமுக்கினால் அந்த வாரமே ஆபரேஷன். அமுக்கினால் அவள் பெயரில் ஒரு தப்பு. கட்டிலில் புருஷன் முனகிக்கொண்டே புரண்டு படுத்தார்.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்கம்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

"மேல எழுதிப் போட்டா?"

"போடலாம். மாசக்கணக்கா ஆகும்."

"அத்தனை நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." டீக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடுங்கக்கா. எனக்காகக் கேக்கப் போயி உங்க வேலைக்கு ஏதாவது வந்துடப் போவுது. நீங்க அண்ணனைப் பாருங்க."

பாவி மகள், திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

செருப்பை மாட்டும்போதுதான் டீக்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. "எவனோ ஒருத்தன் படிக்காமத் தள்ளியிருக்கான். அவன் நல்லா இருக்க மாட்டான் அக்கா. அவன் வீட்டு ஆளும் இப்படியே கிடந்து, பார்க்க வழியில்லாம சாவணும்."

"அந்த மாதிரி ஆளுக்கு அதான் சரி" என்றார் புருஷன், கட்டிலில் இருந்தபடியே.

டீக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நல்லவங்க வாயால வந்தாத்தான் பலிக்கும்."

"ஆமாம்மா. அப்படியே ஆகட்டும்" என்றாள் பென்சில் அக்கா.