முன்பாதி பார்க்காத படங்கள்

சாமி படம் காலில் மிதிபடுவது சித்திக்கு ஆகாது. பழைய பேப்பர் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அதையெல்லாம் பார்க்க முடியுமா? மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் காலண்டர், வாரப்பத்திரிகை என்று எல்லாவற்றிலும் சாமிதான். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, ஓரமாக வைப்பதற்குள் பாதிப் பொழுது போய்விடும். வேலைக்கு வந்தாயா தரிசனத்துக்கு வந்தாயா என்று முதலாளி கேட்பார்.

ஒரு சமயம் மூட்டைகளில் சாமி வருவது நின்றுபோயிற்று. ஜனங்களுக்குப் பக்தி கூடிவிட்டது, படங்களை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள் என்று சித்தி மனம் குளிர்ந்துபோனாள். அப்புறம் ஒருநாள் தராசுக்குப் பின்னால் பெருக்கும்போது ஒரு பொட்டலம் கிடைத்தது. தன்னுடைய பழைய சேலைத் துணி. பிரித்தால் உள்ளே அத்தனையும் சாமி படம், ஓரம் மடங்காமல் அடுக்கியிருந்தது. காலேஜுக்குப் போகும் வழியில் கடையைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறேன் என்று வண்டு தினமும் சாவியை வாங்கிப் போவது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. வண்டு அதைச் சொல்லவும் இல்லை, சித்தி கேட்கவும் இல்லை.

வண்டு, சித்தியின் அக்கா மகள். அக்கா வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து சித்தியிடம் வளர்ந்தவள். ஓரிடத்தில் உட்காரமாட்டாள், வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சாமி கும்பிடும்போதுகூட ஒரு கால் வாசல் பக்கம்தான் இருக்கும். புத்தகத்தையும் நடந்துகொண்டேதான் படிப்பாள். பேப்பர் கட்டுகளுக்கு நடுவே அவள் போவதும் வருவதும் பார்த்து, நம் கடையில் ஊஞ்சல் இல்லாத குறை தீர்ந்தது என்பார் முதலாளி.

கடையில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அட்டைக்கு ஒரு விலை, உள்தாளுக்கு ஒரு விலை. ஆகையால் புத்தகம் வந்ததும் சித்தி அட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள். பசையோடு முன்னால் நாலு தாள், பின்னால் நாலு தாள் சேர்ந்து வந்துவிடும். வண்டு படித்ததெல்லாம் அப்படிப்பட்ட புத்தகங்கள்தான். பெயர் இருக்காது, எழுதியவர் இருக்கமாட்டார், முடிவும் இருக்காது. பத்திரிகைத் தொடர்கதையும் வரிசையாக வராது. கல்யாணம் இந்த மாதம் மூட்டையில் வரும், பெண் பார்த்தது அடுத்த மாதம் வரும்.

சினிமாவும் அதே கதைதான். தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் பழைய போஸ்டர்களைக் கடையில் போடுவார். அந்தப் பழக்கத்தில் இடைவேளைக்கு அப்புறம் சித்தியையும் வண்டுவையும் சும்மா உள்ளே விடுவார். படம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது முன்பாதியை இவர்களாகச் செய்துகொள்வார்கள். எத்தனையோ படத்துக்குச் செய்தார்கள். தீராத சண்டை ஒரு படத்துக்கு மட்டும்தான். அதில் இடைவேளை முடிந்ததும் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு நெட்டையன் ஒரு குட்டையனை அறைவான். அறைந்துவிட்டு அவனையே கட்டிக்கொண்டு அழுவான்.

"அண்ணன் தம்பிடி. சின்ன வயசுல பிரிஞ்சிருப்பாங்க" என்றாள் சித்தி.

"உங்களுக்கு யாரைப் பாத்தாலும் அண்ணன் தம்பிதான். நெட்டையனோட நாயைக் குட்டையன் திருடியிருக்கான்."

"படத்துல நாயே இல்லையே."

"அதான் திருடிட்டானே, சித்தி."

"ஒரு நாய்க்காகவா அப்படி அழுவான்?"

"நல்ல நாயா இருந்திருக்கும்."

வருஷக்கணக்கில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசி வருஷப் படிப்பில்தான் அந்த அறிவிப்பு வந்தது. ஒரு பெரிய வாரப்பத்திரிகை, மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுத்து வேலை பழக்கப்போகிறது. தனக்குப் பிடித்த புத்தகம், படம், பத்திரிகை பற்றி எழுதி அனுப்ப வேண்டும். அது கிடைத்தால் வண்டு ஊரைவிட்டுப் பறக்கலாம். கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்த கையோடு சித்திக்கு எதிரே உட்கார்ந்து அட்டை கிழிக்க வேண்டியதுதான். முதலாளி இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். சித்தி தன் விரல்களைப் பார்த்துக்கொள்வாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த மைக்கறுப்பு போகாது. இந்தக் கை இவளுக்கு வந்துவிடக் கூடாது, ஆண்டவனே என்று வேண்டிக்கொள்வாள். அடுத்த மூச்சில், இவள் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்றும் தோன்றும். அதை மட்டும் ஆண்டவனிடம் சொல்லவில்லை.

வண்டுக்குப் பிடித்த புத்தகம் ஒன்றுண்டு. ஆற்றில் பாலம் கட்டுகிறவர்களுக்குச் சமைத்துப்போடும் ஒரு பெண்ணின் கதை. வேலை முடிந்ததும் அவள் பாலத்தில் முதல் அடி எடுத்து வைப்பாள். அதோடு தாள் இல்லை. அக்கரைக்குப் போனாளா, திரும்பினாளா, தெரியாது. அந்தப் புத்தகத்தின் பெயரைத் தேடி வண்டு அலையாத இடமில்லை. பழைய புத்தகக் கடைகளில் கதையைச் சொன்னாள். நூலகத்து அம்மாவிடம் சொன்னாள். யாருக்கும் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை, அறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். ஒருநாள் நடந்தபடியே சொல்லிவிட்டாள்:

"இந்தக் கையாலதான சித்தி கிழிச்சீங்க."

அன்று கடையில் சித்திக்கு எந்த அட்டையும் ஒரே இழுப்பில் வரவில்லை.

காலேஜ் தோழி ஒரு வழி சொன்னாள்: எல்லோரும் மெச்சுகிற நாலு பெரிய புத்தகத்தின் பெயரைப் போட்டு எழுதிவிடு, யார் கேட்கப்போகிறார்கள்? வண்டு அப்படியே எழுதி, சித்தியை உட்காரவைத்துப் படித்துக்காட்டினாள். அவள் கதை சொன்னால் கண்கொட்டாமல் கேட்கிற சித்தி, இரண்டாம் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். குறட்டைகூட வந்ததாம். வண்டு சிரித்துக்கொண்டே அந்தத் தாள்களைக் கிழித்துக் கடைக்குப் போகிற பேப்பர் கட்டோடு போட்டாள்.

பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினாள். பெயர் தெரியாத புத்தகம், முன்பாதி பார்க்காத படம், கல்யாணத்துக்குப் பிறகு பெண் பார்க்கும் தொடர்கதை. சித்தியையும் எழுதினாள். நாயையும் விடவில்லை.

அனுப்பிய பிறகுதான் அவளுக்கு உண்மையான அவஸ்தை. போன் அடித்தால் ஓடுவாள், அடிக்காவிட்டாலும் ஓடுவாள். சித்தி காலையும் மாலையும் விளக்கின் முன் நின்றாள். நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. போய்விட்டு மறுநாள் திரும்பிய வண்டு, என்ன கேட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். மீதிப் பொழுதில் என்ன செய்தாய் என்றதற்கு, சும்மா நடந்தேன் என்றாள். வழக்கமாக நடந்த தெருவைக்கூடக் கதையாகச் சொல்கிறவள், அன்று அதோடு நிறுத்திக்கொண்டாள். காரியம் கெட்டுவிட்டது என்று சித்தி முடிவே கட்டிவிட்டாள்.

கெடவில்லை. வேலை கிடைத்துவிட்டது. நம் கடைச் சரக்கு எடை போடாமல் வெளியே போவது இதுதான் முதல் தடவை என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பஸ் நிலையத்தில் வண்டு ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். உட்கார்ந்து தொலையேன் என்று கண்டக்டர் சொல்லியும் படியிலேயே நின்றாள். சித்தி சாமி படம் ஒன்றை அவள் பைக்குள் வைத்தாள். வண்டு அதை ஓரம் மடங்காமல் சரிசெய்துகொண்டாள். பஸ் நகர்ந்த பிறகுதான் ஜன்னலுக்கு வந்து தலையை நீட்டினாள்.

"சித்தி, அன்னிக்கு அந்த ஊர்ல நான் நடக்கல. ஒரு தியேட்டர்ல நம்ம ஸ்டேஷன் படத்தை மறுபடி போட்டிருந்தாங்க. காசு குடுத்து முதல்லேர்ந்து பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி, அண்ணன் தம்பிதான். ஆனா நாயை மட்டும் நான் விட்டுக்குடுக்கமாட்டேன்."