நல்ல கரடி

என் நிறம் கருப்பு. செங்கத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜியைத் தின்று முடித்த பிறகுதான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும், விட்டது தொல்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. மலைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜல்லி உடைக்க ஆந்திரப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் பள்ளிக்குக் கீழே குடிசை போட்டிருந்தன. அங்கிருந்து ஒரே ஒரு சிறுமி என் வகுப்புக்கு வந்தாள். மலைப் பிள்ளைகள் ஒரு மாதிரித் தமிழ் பேசினார்கள், நான் இன்னொரு மாதிரி. அவளுக்குத் தெலுங்கு மட்டும்தான். வாயைத் திறக்கவே மாட்டாள். எப்படியாவது அவளைப் பேச வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

ஒருநாள் நான் எழுதிப்போட்ட ‘மரம்’ என்ற சொல்லை அவளாகவே மெல்லப் படித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கன்னத்தைக் கிள்ளி, “நல்ல புள்ள!” என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. பையை எடுத்துக்கொண்டு ஓடியவள் அப்புறம் பள்ளிப் பக்கமே வரவில்லை.

கடைசியில் அவள் அம்மா வந்தாள், கையெல்லாம் கல்தூசியோடு. ஊர் ஊராக ரோடு வேலை செய்ததில் அவளுக்குத் தமிழ் வந்திருந்தது.

“இன்னா டீச்சர், எல்லார் எதிர்லயும் எம் பொண்ண நல்ல பில்லன்னீங்களாமே? கருப்பா பொறந்தா படிக்கக் கூடாதா?”

“நல்ல புள்ளன்னுதாங்க சொன்னேன். திட்டலையே!”

“அதத்தாங்க நானும் சொல்றேன். எங்க பேச்சுல பில்லன்னா பொண்ணு, நல்லன்னா கருப்புங்க!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுசு முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டு நொந்தவள் நான். கையை அவள் முன்னால் நீட்டினேன். “என்னைப் பாருங்க. நான் போய் இன்னொருத்தரை அப்படிச் சொல்வேனா?” என்றேன். என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். மறுநாள் மகளை அவளே கொண்டுவந்து விட்டாள்.

அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்தேன். பலகையில் ஒரு கரடியை வரைந்து, கதையை ஆரம்பித்தேன். “ஒரு காட்டுல ஒரு நல்ல கரடி இருந்துச்சாம்.”

“கரடி எங்கனா நல்லதா இருக்குமா டீச்சர்? எங்க மாமன் மூஞ்சியவே பிறாண்டிடுச்சு,” என்றான் ஒரு மலைப் பையன். அவளோ முதல்முறையாகக் களுக்கென்று சிரித்தாள். கரடி கருப்பு என்பதைச் சொல்ல ஒரு டீச்சர் வேண்டுமா என்று நினைத்திருப்பாள். மற்றவர்கள் “உம்” கொட்ட, அவள் தெலுங்கில் “ஊ” கொட்டினாள். கதை மேலே போயிற்று.

பிறகு தினமும் கரடிதான். ஆளுக்கொரு வாக்கியம் சேர்க்க வேண்டும். கரடி சாமைக் கொல்லைக்குக் காவல் இருந்தது, திருப்பத்தூர் சந்தைக்குப் புளி விற்கப் போனது, பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றது. கண்டக்டர் தெலுங்கில் திட்டுவார். அது அவள் பங்கு. அந்தத் திட்டுகளை மலைப் பிள்ளைகள் ஒன்று விடாமல் கற்றுக்கொண்டார்கள், நானும்தான். கொஞ்ச நாளில் அவள், “கரடி வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன்னுச்சு டீச்சர்” என்று அச்சு அசலாக மலைப்பிள்ளை போலவே பேசினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ரோடு எங்கள் ஊரைத் தாண்டியதும் குடிசைகளைப் பிரித்துவிட்டார்கள். சட்டி பானைகளோடு அவளையும் ஏற்றிக்கொண்டு லாரி பள்ளி வாசலில் ஒரு நிமிஷம் நின்றது. பக்கப்பலகையைப் பிடித்து எக்கி நின்று கத்தினாள்.

“டீச்சர்! நீங்க நல்ல டீச்சர்!”

“எந்த நல்லடி?” என்று நானும் கத்தினேன். லாரி கிளம்பிவிட்டது. அவள் குறும்பாகச் சிரித்துக்கொண்டே கையாட்டினாள். வளைவில் லாரி மறைந்தது.

அவள் அப்பாவும் அம்மாவும் போட்ட ரோட்டில்தான் நான் ஓய்வு பெறும்வரை பஸ்ஸில் போய்வந்தேன். அந்த வளைவு வரும்போதெல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். அதற்குப் பிறகு என்னை நல்ல டீச்சர் என்று சொன்னவர்கள் உண்டு, கருப்பு டீச்சர் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லி, இரண்டுக்குமாகச் சிரித்தவள் அவள் ஒருத்திதான். எந்த ‘நல்ல’வாக இருந்தாலும் சரி, அவள் வாயால் இன்னொரு தரம் கேட்க வேண்டும்.