கேட்காமல் வாங்கிய மோதிரம்

அவனை எல்லோரும் லீக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் வேலை செய்கிறவன் என்பதற்காக மட்டுமல்ல. அவன் காதில் போட்ட எந்த ரகசியமும் சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் ஓடிவிடும். அப்பேர்ப்பட்டவன், நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில், ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் பொத்திப் பொத்திக் காப்பாற்றினான். அதையும் கொட்டித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் வேறு யாருமில்லை, அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்தான். லைசென்ஸ் டெஸ்டில் அவன் திரும்பத் திரும்ப ஃபெயிலாவதைப் பார்த்து, "வேணும்னே பண்றீங்களா?" என்று கேட்டாள். "வேணும்னு பண்றதுக்கும் ஒரு திறமை வேணுமே டீச்சர், அது எங்கிட்ட ஏது?" என்றான். அவள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பெண் கேட்டான்.

சம்மதம் சொன்னபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என்னைக் கேக்காம எனக்குன்னு எதையும் முடிவு பண்ணக் கூடாது. முன்னாடி ஒருத்தர், நிச்சயம் ஆன கையோட, நான் இனிமே வேலைக்கு வரமாட்டேன்னு என் முதலாளிகிட்ட அவரே போய்ச் சொல்லிட்டாரு. அன்னைக்கே மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துட்டேன்."

"ஐயையோ, நானா? எனக்கு முடிவெடுக்கவே வராது டீச்சர்" என்றான் லீக்கு.

அப்படிச் சொன்னவன்தான் அடுத்த வாரமே தன் அக்காவோடு நகைக்கடையில் போய் நின்றான். மோதிரம் மாற்ற நாள் குறித்தாயிற்று. "சொல்லாமக் கொண்டுபோய் நீட்டுடா, அசந்து போயிடுவா" என்று அக்கா உசுப்பேற்றியிருந்தாள். சொல்லாமல் வாங்குவதும் கேட்காமல் முடிவு பண்ணுவதும் ஒன்றுதான் என்பது அவனுடைய மரமண்டையில் ஏறவே இல்லை.

"எந்த மாதிரி பாக்கறீங்க சார்?" என்றாள் கடைப்பெண்.

"ரவுண்டா" என்றான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பட்ஜெட் எவ்வளவு சார்?"

வீட்டிலிருந்து வரும்போது ஒரு தொகையை நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தான். ஆனால் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு கேட்டதும் வாய் தன்பாட்டுக்கு அதைப்போல ஒன்றரை மடங்கைச் சொல்லிவிட்டது. அக்கா காலை மிதித்தாள். மிதித்து என்ன பிரயோஜனம்? சொன்னதைத் திரும்ப வாய்க்குள் போட முடியுமா? வெல்வெட் தட்டுகள் வரிசையாக வந்தன. ஒன்றில் கல் தூக்கி நின்றது, ஒன்றில் கம்பி முறுக்கிக் கிடந்தது. அவளுக்கு எது பிடிக்கும் என்று யோசித்தான். கிளட்சைப் பாதியில் விட்டால் அவளுக்குப் பிடிக்காது என்பது மட்டும்தான் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடைசியில் பூ வைத்த ஒன்றைக் கையில் எடுத்து, "ஜாயின்ட் எல்லாம் நிக்குமா?" என்று விசாரித்தான்.

"விரல் அளவு இருக்கா சார்?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வாஷரை எடுத்துப் பெருமையாக மேஜைமேல் வைத்தான். ஒருநாள் சிக்னலில் நின்றபோது, அவன் பையிலிருந்து சீட்டில் விழுந்து கிடந்ததை எடுத்து அவள் விளையாட்டாக விரலில் மாட்டிக் கழற்றிய வாஷர் அது.

"ரப்பர் இழுத்துக் குடுக்குமே சார்" என்று இழுத்தாள் கடைப்பெண்.

"அம்மாடி, என் பொழப்பே வாஷர்தான். எங்கிட்டயேவா?"

மறுநாள் மத்தியானம், பயிற்சிக் கார் மரநிழலில் நின்றபோது, டப்பாவைத் திறந்து நீட்டினான். அவள் விரலை நீட்டினாள். மோதிரம் பாதி விரல்கூடத் தாண்டவில்லை. அவன் அழுத்தினான். கொஞ்சம் திருகியும் பார்த்தான், பைப்புக்கு மூடி போடுகிற மாதிரி.

"வலிக்குது, விடுங்க."

கிழிஞ்சது போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அவள் மோதிரத்தைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினாள்.

"என் புத்திய இதே டப்பாவுல வெச்சிருந்தா, அதுக்குக்கூட இடம் மிச்சம் இருந்திருக்கும் டீச்சர்" என்று அசடு வழிந்தான்.

"ஜோக் அடிக்காமச் சொல்லுங்க. ஏன் என்னைக் கேக்கல?"

வாயில் அடுத்த ஜோக் தயாராக இருந்தது. அதை விழுங்கினான். "பயம். நீங்க காட்டுறது என் கைக்கு எட்டலன்னா, மூஞ்சியக் கொண்டுபோய் எங்க வெச்சுக்கறது? எட்டாதுன்னு தெரிஞ்சு நீங்களே ஒரு சின்னதைக் காட்டியிருந்தா, அது இன்னும் கேவலம்."

"பொண்ணு கேக்கத் தைரியம் இருந்துச்சு. விரலைக் கேக்க இல்லையா?"

"வேணாம்னா சொல்லிடுங்க" என்றான் மெதுவாக. அவள் வண்டியைக் கிளப்பினாள். வீட்டில் இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவாள் என்று நினைத்தான். அக்காவிடம் என்ன சொல்வது, தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்றெல்லாம் தோன்றியது. அதைவிட, இனி இந்த சீட்டில் உட்காரவே முடியாதே என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. அவன் வீட்டுக்குத் திரும்பும் முனையை வண்டி தாண்டிப் போனது. டப்பாவின் மேல் பேர் போட்டிருந்த அந்த நகைக்கடை வாசலில் போய் நின்றது.

"பெருசு பண்ணிக் குடுத்துடலாம் மேடம்" என்றாள் அதே கடைப்பெண், வாஷரைப் பற்றி மூச்சு விடாமல்.

"வேணாம், இதைத் திருப்பி எடுத்துக்கங்க. எனக்குப் பூ வெச்சது பிடிக்காது. எனக்கானதை அப்புறம் நானும் இவரும் சேர்ந்து பாத்துக்கறோம். முதல்ல இவருக்குக் காட்டுங்க. இவர் மோதிரத்தை நான்தானே வாங்கணும்." அவன் பக்கம் திரும்பினாள். "என் பட்ஜெட் இவ்வளவுதான்" என்று தொகையைக் கூசாமல் சொன்னாள். அவன் முதலில் சொல்ல நினைத்து வந்ததைவிடக் குறைவு. "இதுக்குள்ள உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"எனக்கென்ன டீச்சர், ஸ்பேனர் பிடிக்கிற கை, எதைப் போட்டாலும் எருமைக்கு நகை பூட்டின..."

"உங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு கேட்டேன்."

இப்படி ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் அவனிடம் கேட்டதில்லை. சட்டையை அக்கா எடுப்பாள், செருப்பைக் கடைக்காரன் எடுப்பான். அவன் தட்டுகளைப் பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டு, ஒன்று விடாமல் பார்த்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. காது இரண்டும் சூடாகிவிட, கடைசியில் ஓரத்தில் இருந்த ஒன்றை விரலால் காட்டினான். பெரிய சிவப்புக் கல், சுற்றிலும் பொடிப் பொடியாக வெள்ளைக் கல், கல்யாண மாப்பிள்ளைகூடப் போடக் கூச்சப்படுகிற சைஸ்.

"சிரிக்கக் கூடாது" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. "அதை எடுங்க" என்றாள் கடைப்பெண்ணிடம்.