கால் மருந்தும் கழுத்துப் படமும்

கிராணியை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனசு இளகிவிடுவாள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

கேமரன் மலையில் நான் கொழுந்து வெட்டும் தோட்டத்தில், மழை விட்டால் காட்டோரம் முழுக்க அட்டை. ஒரு நிரை முடிப்பதற்குள் காலில் ஐந்தாறு தொங்கும். ஒருமுறை தோட்ட மேனேஜரான துரை தேயிலைக்காட்டுக்கு வந்தபோது, அட்டை ஏறாத நீளக் காலுறை வாங்கித் தரும்படி அவரிடமே கேட்டுவிட்டேன். ஆபீசையும் ஆட்களையும் கட்டி மேய்க்கிற கிராணியைத் தாண்டிக் கேட்டதுதான் என் குற்றம். காலுறை வரவில்லை. கிராணி பெரிய போத்தலில் பழுப்பு நிற அயோடின் மருந்து வாங்கி வந்தார். காலைப் பெரட்டில், நாங்கள் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடத்தில், முழங்கால் வரை அதைப் பூசிக் காட்டிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். பூசியதற்கு ஒரு புத்தகத்தில் கையெழுத்து வேறு. பக்கத்திலேயே அவரும் கையெழுத்துப் போடுவார். நாளைக்கு அட்டைக் கடி புண்ணாகிவிட்டது என்று யாரும் எம்சி லீவு கேட்டுவிடக் கூடாதாம்.

அந்த வருஷம்தான் எனக்கு உடம்பு இளைத்தது. மற்றவர்கள் சுவெட்டருக்குள் ஒடுங்கி நிற்க, எனக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கி, கொழுந்து வெட்டும் கத்தரி இலையில் விழாமல் குச்சியில் விழுந்தது. கிராணி ஒருநாள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும் ஒரு கடிதத்தை வாசித்தார்.

"வேலைக்குச் சம்சு குடிச்சிட்டு வருது. கை நடுங்குது. விளக்கம் சொல்லாட்டி வேலையும் இல்ல, லயத்துல வீடும் இல்ல."

என் பிள்ளைகள் இரண்டும் பிறந்து வளர்ந்த வீடு அது. ஆனால் வீட்டைவிட அந்தச் சொல்தான் சுட்டது. அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என் பக்கத்தில் நின்று, தெரியாததுபோல் மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். அவள் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார். எந்த வகை என்று தெரிய ஒரு படம் எடுக்க வேண்டும். துரையிடம் தாளைக் காட்டினேன். "ரத்தத்துல என்னென்னமோ காட்டும் துரை, படம் வரட்டும்" என்றார் கிராணி. துரையும் தலையாட்டினார்.

கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்கு இறங்கினேன். கதிர்வீச்சு உள்ள அயோடின் மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். கழுத்திலுள்ள தைராய்டு பசித்திருந்தால் அதை இழுத்துக்கொள்ளும், கேமரா அதைப் படம் பிடிக்கும். அது பசித்திருக்க வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே மீன், இறால், நெத்திலி எல்லாம் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். பெலாச்சான் என்கிற இறால் விழுது இல்லாத சம்பலைத் தின்று நாக்கு செத்தேன். அவர்கள் வாயைப் பற்றிச் சொன்னார்கள், நான் வாயைக் கட்டினேன். காலைப் பற்றி யார் நினைத்தது?

படத்தில் கழுத்து வெறிச்சென்று இருந்தது. மாத்திரையைத் தைராய்டு தொடவே இல்லை.

"பாத்தீங்களா துரை? மிஷினே சொல்லிருச்சு லா, ஒண்ணும் இல்லன்னு" என்றார் கிராணி. அவருடைய சிரிப்பை அப்படியே மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ரத்தம் ஒன்று சொல்கிறது, படம் ஒன்று சொல்கிறது என்று டாக்டரம்மா குழம்பினார். நான் எழுந்திருக்கும்போது என் கணுக்காலைப் பார்த்தார். "இது என்னம்மா கறை?" கைலியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். கடிவாய் கடிவாயாக, தோல் முழுக்கப் பழுப்பு. பெரட்டில் பூசுகிற மருந்து என்றேன். தினமும் அதைப் புண்ணில் பூசினால் உடம்புக்குள் இறங்காமல் எங்கே போகும் என்று கேட்டார். என் தைராய்டு ஏற்கெனவே வயிறு நிறைய அயோடின் தின்றுவிட்டுத்தான் அந்தக் கேமராவுக்கு முன்னால் படுத்திருக்கிறது. ஆறு வாரம் மருந்தைத் தொடாமல் இருந்து மறுபடி எடுக்கச் சொன்னார். துரையிடம் காட்ட ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

ஈப்போவில் பில் போடும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அக்கா, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு கோட் நம்பர் இருக்கு. அதே நம்பர் இவ்ளோ சீக்கிரம் திரும்ப வந்தா உங்க தோட்டத்து இன்சூரன்ஸ் தள்ளிரும். 'மறுபடி எடுத்தது'ன்னு கூட ஒரு கோட் சேக்கலாம். ஆனா முதல் படம் ஏன் கெட்டுச்சுன்னு உங்க ஆபீஸ் எழுதி சைன் வைக்கணும்."

அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். என் எதிரியே எழுதித் தர வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதே!

கிராணி முதலில் துள்ளினார். "நான் பூசச் சொன்னேனா? யார் சொன்னா?" நான் வாதாடவில்லை. பெரட்டில் புத்தகம் என் முறைக்கு வந்தபோது நாலைந்து பக்கங்களைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். தினம் தினம் என் கையெழுத்து, பக்கத்தில் அவருடையது. டாக்டரம்மாவின் கடிதத்தோடு போனையும் துரையின் மேசையில் வைத்தேன். துரை பார்த்துவிட்டு, "எழுதிக் குடுங்க கிராணி" என்றார். அவ்வளவுதான். தோட்டத்துப் பெரட்டில் பூசச் சொன்ன மருந்தால் படம் கெட்டது என்று கிராணி தன் கையாலேயே எழுதினார்.

ஆறு வாரம் அட்டைக்குக் காலில் புகையிலைத் தண்ணீர்தான். இரண்டாவது படத்தில் என் தைராய்டு இரண்டு பக்கமும் முழுசாகப் பற்றி எரிந்தது. வியாதியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தச் சம்சுக் கடிதத்தை ரத்து செய்வதாகத் துரை சொன்னபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். பெரட்டில் வாசித்ததை அதே கிராணி பெரட்டிலேயே வாசித்து ரத்து செய்ய வேண்டும்.

வாசித்தார். எல்லோரும் நின்றார்கள், குழாயடிக்காரியும்தான். அவர் குரல் மேலேயே எழும்பவில்லை. வாசித்து முடித்துக் கையெழுத்துப் போடக் குனிந்தபோது பேனா தாளில் நிற்காமல் ஆடியது. அவமானமோ ஆத்திரமோ, எனக்கென்ன? நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"கை நடுங்குதே கிராணியய்யா. காலையிலேயே போட்டுட்டீங்களா?"

பெரட்டு முழுக்கச் சிரித்தது. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அது எனக்கும் தெரியும். நானும்தான் தொட்டதில்லை.