ஒற்றைக் கைக்கு ஓர் ஆட்டுக்குட்டி

நான் பின்னியதை விடப் பிரித்ததே கூட. நூலில் ஒரு முயல் பொம்மையைத் தொடங்குவேன். காது வந்ததும் இது முயலில்லை என்று தெரிந்துவிடும். நூலை இழுப்பேன். காது போகும், தலை போகும், முயல் இருந்த இடத்தில் சுருள் சுருளாய் நூல் மடியில் கிடக்கும். மற்றவர்கள் போட்ட மாதிரியைப் பார்த்துப் பின்ன எனக்குப் பொறுமை கிடையாது. வீடியோக்களில் வெள்ளைக்காரப் பெண்கள் பின்னுகிற கரடியும் பென்குயினும் எங்கள் வாய்க்கால் கரைக்கு வந்தால் வெயிலில் செத்துப்போகும். ஆகவே மாதிரிகளை நானே உண்டாக்கினேன். செண்பகப் பறவை, வயல் நண்டு, ஓர் உடும்பு. கிளிநொச்சியில் ஒரு கடையில் கொண்டுபோய் வைத்தேன். தூசு படிந்த பிறகு போய்த் திருப்பி எடுத்துவந்தேன். குழந்தைக்கு உடும்பு வாங்க எந்தத் தாய் வருவாள்?

இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தபோது அந்த உடும்பைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"எனக்கொரு ஆட்டுக்குட்டி வேணும், பிள்ளை. பேரப்பிள்ளைக்கு."

அவருடைய மகள் கனடாவில் முதல் பிள்ளைக்குக் காத்திருந்தாள். பிள்ளைப்பேற்றுக்குத் தாயைக் கூப்பிட்டிருந்தாள். விசா இல்லையென்று பதில் வந்ததை நாங்கள் எல்லோரும் அறிவோம். அக்கா ஒரு கிழமை முழுக்க வாசல் கூட்டவில்லை. பின்னித் தருகிறேன், நிறத்தை மட்டும் சொல்லுங்கோ என்றேன்.

"நீ பின்னினா அது உன்ர ஆடு. சொல்லித் தா, நான் பின்னுறன்."

நான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே அது முடிந்துவிடும். எப்படிப் போனது, எங்கே போனது என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

"என்ன பாக்கிறாய்? மற்றது இருக்குத்தானே" என்றார். பிறகு, ஏன் ஆடு என்று நான் கேளாமலே சொன்னார். "பட்டியிலை நிண்ட ஆடெல்லாம் வித்துத்தான் அவள் போனவள். ஒரு ஆடெண்டாலும் அங்க போய்ச் சேரட்டும்."

பின்னத் தெரியாதவர்கள் கொக்கி ஊசி பிடிக்கிற கைதான் எல்லாம் செய்கிறது என்று நினைப்பார்கள். வலது கை குத்தி எடுக்கும், அவ்வளவுதான். துண்டைப் பிடிப்பதும் நூலை விடுவதும், இவ்வளவு இறுக்கம் இவ்வளவு தளர்ச்சி என்று முடிவு செய்வதும் இடது கை. பொம்மையின் முதல் வளையத்தை விரலில் நூலைச் சுற்றிப் போடுவோம். வீடியோக்களில் அதை மாய வளையம் என்பார்கள். அதை ஒற்றைக் கையால் போட வழியில்லை. தொடக்கத்தை மட்டும் நான் போட்டுத் தருகிறேன் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. துவக்கம் ஒராளும் முடிவு ஒராளும் எண்டா அது ரெண்டு தாயின்ர பிள்ளை என்றார்.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் கால்கள். பொம்மையின் உடல் வேறு, கால்கள் வேறு, காதுகள் வேறு. எல்லாவற்றையும் தனித்தனியே பின்னிப் பஞ்சடைத்துக் கடைசியில் தைத்துப் பொருத்த வேண்டும். இதையெல்லாம் யோசித்து, மிகுந்த பக்குவமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கால் கை இல்லாத ஏதாவது பின்னுவோமா என்று கேட்டேன். ஒரு மண்புழு. கொழுத்த, சிவப்பு மண்புழு. ஒரே சுற்றாய்ப் போகலாம். தைக்கவே தேவையில்லை.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓம், கையில்லாதவள் காலில்லாததை அனுப்பினாள் எண்டு அங்க சனம் சொல்லட்டும். நல்ல யோசினை. உன்ர படிப்புக்கு ஏற்ற யோசினை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, நிலத்துக்குள் போகவேண்டும் போலவும் இருந்தது. அவர் போனபிறகு என் இடது கையைத் துவாயால் இடுப்போடு கட்டிக்கொண்டு பாயில் இருந்தேன்.

அப்படித்தான் அந்த ஆட்டுக்குட்டியின் மாதிரி உண்டானது. கட்டிய கை துடித்துக்கொண்டேயிருந்தது. நூல் நழுவும்போதெல்லாம் அது ஓடிவரப் பார்த்தது. முழங்கை மடிப்பில் துண்டை இடுக்கலாம் என்று கண்டுபிடித்தேன். நூலைக் கால் பெருவிரலில் ஒருமுறை சுற்றி வரவிட்டால் இறுக்கம் கிடைக்கும் என்று கண்டுபிடித்தேன். மாய வளையம் வேண்டாம். பெருவிரலில் ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு சங்கிலி இழுத்து, முதல் சங்கிலியின் ஓட்டைக்குள்ளேயே எல்லாப் பின்னல் கண்ணிகளையும் போட்டால் மூக்கு வந்துவிடும். மூக்கிலிருந்து முகம், முகத்திலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து வயிறு. கால் வரவேண்டிய இடத்தில் நூலை அறுக்காமல் வெளியே நீட்டி, அங்கேயே சுற்றிச் சுற்றி இறங்கி, குளம்பில் திரும்பி, மறுபடி வயிற்றுக்கு ஏறி வருவது. ஒரே நூல். எங்கேயும் அறாத, எங்கேயும் தைக்காத ஒரு பிராணி. வாழ்க்கையில் நான் பிரிக்காமல் விட்ட மாதிரி அது ஒன்றுதான். அது நல்ல மாதிரி என்று இப்போதும் நினைக்கிறேன். நல்லதாயிருந்து என்ன?

அக்கா பின்னினார். களை பிடுங்கிவிட்டு வந்த நாட்களில் கால் விறைத்துப்போய், பெருவிரல் நூலை விடாது. கண்ணிகள் கல்லுப்போல இறுகும். கால் ஆறியிருந்த நாட்களில் தளர்ந்து உள்ளே பஞ்சு தெரியும். ஆகவே ஒரு கால் மெலிந்தது, ஒரு கால் ஊதியது. எனக்குக் கை துருதுருத்தது, பிரித்துவிடுவோம் என்று. அக்கா விடவில்லை. எல்லா ஆட்டுக்கும் நாலு காலும் ஒரே அளவோ என்றார். நூல் ஓடி ஓடிப் பெருவிரலின் பக்கத்தில் தோல் பிளந்தது. துணி சுற்றிக்கொண்டு பின்னினார். நடுவில் பிள்ளையும் பிறந்துவிட்டது. ஆட்டுக்கு அப்போது பின்னங்கால்கள் இல்லை.

கண்ணுக்குக் கறுப்புப் பொத்தான்கள் எடுத்தோம். முகத்தின் முன்னால் வைக்கச் சொன்னேன். நேராய்ப் பாக்கிற ஆட்டை எங்க கண்டனி என்று கேட்டுவிட்டு, இரண்டு பக்கமும் தள்ளி வைத்து, ஊசியைப் பல்லால் இழுத்து இழுத்துத் தைத்தார். அந்த ஒரு தையல் மட்டும்தான் முழு ஆட்டிலும்.

பரந்தனிலிருந்து ஒருவர் கனடா போகிறார் என்று தெரிந்து பொதி கட்டினோம். வறுத்து இடித்த கறித்தூள், பனங்கிழங்கு காயவைத்த ஒடியல், பருத்தித்துறை வடை. வடை உடையாமலிருக்க நடுவில் ஆட்டை வைத்தோம்.

அக்காவுக்குப் போனைப் பிடித்தால் கையசைக்க முடியாது. கையசைத்தால் போன் இல்லை. அதனால் வீடியோ அழைப்பு வரும்போதெல்லாம் போனைப் பிடித்துக்கொள்வது நான்தான். பொதி போய்ச் சேர்ந்த பிறகு வந்த அழைப்புக்கும் நானே பிடித்தேன்.

நல்ல வடிவாயிருக்கம்மா என்றாள் மகள். பின்னால் எங்கோ நின்று மருமகன், பொதியைத் திறந்த உடன் மாமி ஆட்டுக்கறியே அனுப்பிவிட்டா என்று நினைத்தேன், அப்படித் தூள் மணம் என்றான். எல்லோரும் சிரித்தோம். அக்காதான் எல்லோரையும் விடக் கூடச் சிரித்தார்.

"பிள்ளையிட்டைக் குடுத்தனியோ?"

மகள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிள்ளையின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது.

"அம்மா, இஞ்சை பொத்தான் வச்ச பொம்மையள் குழந்தைக்குக் குடுக்கக் கூடாதாம். கழண்டு வாய்க்குள்ளை போனா ஆபத்தாம். மேல வச்சிருக்கிறன், பாருங்கோ."

போனைத் திருப்பிக் காட்டினாள். அலுமாரியின் உச்சியில், சூட்கேஸ்களுக்குப் பக்கத்தில், வாய் கட்டிய பொலித்தீன் பைக்குள் ஆடு நின்றது. மணம் பரவாமலிருக்கக் கட்டியிருப்பாள். ஊதிய கால் பையைத் தள்ளிக்கொண்டு தெரிந்தது. பொத்தான் விழுங்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் ஊரில் எது என்று எனக்கு வாய்வரை வந்தது. அக்கா முந்திக்கொண்டார்.

"ஓம், ஓம். அங்கயே இருக்கட்டும். பிள்ளைக்கு ஒண்டும் நடக்கக்கூடாது."

பிறகு மழை எப்படி, வயல் எப்படி என்று மகள் கேட்டாள். அக்கா பதில் சொன்னார். என் கை நோகத் தொடங்கும்வரை கதைத்தார்கள். ஆட்டைப் பற்றி அதற்குப் பிறகு அங்கேயும் இங்கேயும் கதையில்லை.

சில நாட்களாக அக்கா வரவில்லை. நான் மட்டும் சும்மா இருக்க மாட்டாமல் அலைந்தேன். குசினியில் சமைத்தாலும் வாய்க்காலில் குளித்தாலும் அதே நினைவு. இன்னோர் ஆடு பின்னி, கண்ணை நூலாலேயே போடலாம். கண்ணிக்குள் கறுப்பு நூலை விட்டு எடுத்தால் கழற ஒன்றுமில்லை. தூள் இல்லாத பொதியில், தனியாக, தபாலில் அனுப்பலாம். ஆடு அதே ஆடுதான். இரவிரவாகக் கண்ணை மனதில் பின்னிப் பின்னிப் பிரித்தேன். பிள்ளை அதற்குள் நடக்கத் தொடங்கிவிடும், பிறகு பள்ளிக்கூடம் போய்விடும், பிறகு ஆடு என்ன நிறமென்று இங்கிலிசில் கேட்கும். தெரியும். தெரிந்துகொண்டே பின்னினேன்.

அக்கா மிஞ்சிய நூல் பந்தோடு வந்தபோது கண்ணைப் பற்றிய என் யோசனை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கேட்டார். இந்தமுறை கதிரையில் இருந்துகொண்டு கேட்டார். கால் பெருவிரலில் பிளந்த இடம் இன்னும் முழுதாய் மூடவில்லை.

"இன்னொரு ஆட்டுக்கு என்ர காலிலை பெலனில்லை, பிள்ளை."

 பிறகு அவரே தொடங்கினார்.

"முந்தி ஒரு புழு சொன்னனியெல்லோ."

"ஓம்."

"அதுக்குக் கண்ணும் இல்லைத்தானே."

"இல்லை, அக்கா."

"அதைச் சொல்லித் தா."

பந்தை என் மடியில் வைத்தார். அது ஆட்டின் பழுப்பு நிற நூல்; சிவப்பு வாங்கி வரலாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பெருவிரலில் சுற்ற அவர் காலை நீட்டுவாரென்று பாயை விரித்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"துவக்கத்தை நீயே போட்டுத் தா" என்றார்.

நான் இரண்டு கையாலும் நூலை எடுத்தேன். விரலில் சுற்றினேன். மாய வளையம் நினைக்குமுன் வந்துவிட்டது. அக்கா அதைப் பார்க்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்களோ என்று படலைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.